45,000 ரூபாய்க்குள் ஹாலோ பாடி கிட்டார்: எதை எடுக்கலாம்?

ஆறுகம்பி (கோவை)

வணக்கம். எட்டு வருஷமாக ஒரே ஒரு சாலிட் பாடி (உடம்பு முழுக்கக் கட்டை) எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துக் காலம் தள்ளிவிட்டேன். இப்போது உடம்பு உள்ளே கூடாக இருக்கும் ஒரு ஹாலோ பாடி வாங்க ஆசை. கிட்டாருக்கு மட்டும் 45,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இழுத்துப் பிடித்தால் இன்னும் இரண்டு மூன்றாயிரம் போகும். ஆம்ப் இருக்கிறது, 15 வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர்.

வாசிப்பது பெரும்பாலும் வீட்டில்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு காபிக் கடையில் மூன்று பேராக உட்காருவோம்: நான், ஒரு கீபோர்டு, ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி). ட்ரம்ஸ் கிடையாது. பழைய ஜாஸ் மெட்டுகளும் எழுபதுகளின் தமிழ்ப் பாட்டுகளும் கலந்து போகும். அந்தத் தடித்த, மரத்தின் குரல் கேட்கிற சத்தம் வேண்டும். இப்போதைய கிட்டாரில் டோன் குமிழை எவ்வளவு குறைத்தாலும் கம்பளி போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரிதான் வருகிறது.

பார்த்து வைத்திருப்பவை: ஐபனீஸ் ஏஎஃப்75, ஐபனீஸ் ஏஎஸ்73, கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் ஜி2420, எபிஃபோன் கசீனோ. கடைசியாகச் சொன்னது புதிதாக வாங்கக் கைக்கு எட்டாது. மற்றவையும் பழையதாகக் கிடைத்தால் சரிதான். எதை எடுக்கலாம்?


பழைய_ட்யூப் (சென்னை)

தம்பி, நீங்கள் சொன்ன நாலும் ஒரே ரகம் இல்லை. முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

ஏஎஃப்75, ஜி2420, கசீனோ மூன்றும் உள்ளே முழு வெற்றிடம். ஏஎஸ்73 அப்படியில்லை, அதன் வயிற்றுக்குள் நடுவில் நீளவாக்கில் ஒரு கட்டை ஓடுகிறது. வெளியே பார்த்தால் மேல்பலகையில் f எழுத்து வடிவில் அதே எஃப் துளை, அதே வளைவு, ஆனால் அது செமி ஹாலோ. 1958-இல் கிப்சன் கம்பெனி ஈஎஸ்-335-இல் செய்து காட்டிய யோசனை இது. இரண்டு ஓரமும் காற்று, நடுவே மேப்பிள் கட்டை. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் அந்தக் கட்டைமேல் உட்கார்ந்துகொள்ளும்.

கட்டை எதற்கு? ஹவுலிங்குக்குத்தான். ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரின் மேல்பலகையை அதிர வைக்கும். பலகை கம்பியை அதிர வைக்கும். கம்பி பிக்கப் வழியாகத் திரும்ப ஸ்பீக்கருக்கே போகும். இப்படிச் சுற்றச் சுற்ற ஒரே ஒரு சுரம் மட்டும் வீங்கிக்கொண்டே வந்து ஊளையிடும். நடுவில் கட்டை இருந்தால் பலகை அவ்வளவு சுலபத்தில் ஆடாது.

நான் மெல்லிசைக் குழுவில் இருந்த காலத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு நண்பனின் முழு ஹாலோ கிட்டாரை இரவல் வாங்கிப் போனேன். எனக்குப் பின்னால் ட்ரம் செட், காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர். முதல் பாட்டின் பல்லவியிலேயே தாழ்ந்த ஜி சுரம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மைக்செட்காரர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குப் போர்த்திய துண்டைக் கிழித்து இரண்டு எஃப் துளையிலும் அடைத்துத்தான் கச்சேரியை முடித்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ப்ளூஸ் மேதை பி.பி. கிங்கும் துணி அடைத்து வாசித்தவர்தான். 1980-இல் கிப்சன் அவருக்காகப் போட்ட லூசில் மாடலில் எஃப் துளையே வைக்கவில்லை.

ஆகவே என் கேள்வி: காபிக் கடையில் ஆம்ப் எவ்வளவு சத்தத்தில் ஓடும்? உங்களுக்கும் அதற்கும் எத்தனை அடி தூரம்? இதைச் சொல்லுங்கள், பிராண்டைப் பிறகு பேசலாம்.


டோர்ட்முண்ட்_தம்பி (ஜெர்மனி)

நான் ஜி2420 வைத்திருக்கிறேன், நாலு வருசமாகிறது. நல்ல சாமான். கிரெட்சில் முக்கியமாக மூன்று படி இருக்கிறது: மேலே புரொஃபெஷனல், நடுவில் எலெக்ட்ரோமேட்டிக், கீழே ஸ்ட்ரீம்லைனர். கீழ்ப் படி என்றபடியால் மட்டமென்று நினைக்க வேண்டாம். கோர்ட் (பல சுரங்கள் ஒன்றாக) அடித்தால் பளிச்சென்று விரியும். ராக்கபிலி மாதிரித் துள்ளல் வாசிப்புக்கு நன்றாய்ப் பொருந்தும். ஆனால் அண்ணர் கேட்கிற தடித்த ஜாஸ் சத்தம் இதற்கு இயல்பில்லை. டோனைக் குறைத்தும் வாசிக்கலாம், என்றாலும் அதன் ஆசை வேறு.

ஒன்று கவனியுங்கோ. பெயருக்குப் பின்னால் டி (T) என்று வந்தால் பிக்ஸ்பி வால், அதாவது ஸ்ருதியை அசைக்கும் கைப்பிடி உள்ள வால், இருக்கிறது என்று அர்த்தம். பார்க்க வடிவு. கம்பி மாற்றுகிற அன்றைக்குத்தான் சோலி. கம்பி நுனியிலுள்ள குண்டை ஒரு சின்ன ஆணியில் மாட்டிப் பிடித்துக்கொண்டே மறு கையால் டியூனரைச் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் குண்டு கழன்று போகும், திரும்ப முதலிலிருந்து. நான் கம்பி நுனியை முதலே ஒரு பென்சிலில் சுற்றி வளைத்து வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

இங்கே தோமன் கடையின் சொந்தப் பெயரான ஹார்லி பென்டனில் எச்பி-35 என்று ஒரு செமி ஹாலோ வருகிறது. காசுக்கு மேலான சாமான். ஆனால் இந்தியாவுக்கு எடுப்பிக்க யோசித்தால் கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஹாலோ பாடி பெட்டி பெரிசு. விமானக் கூலியை எடைக்கு இல்லை, பெட்டியின் கொள்ளளவுக்குத்தான் போடுவார்கள். மேலே உங்கள் சுங்க வரி. மலிவு அங்கேயே முடிந்துவிடும்.


கட்டையே_போதும் (மதுரை)

எல்லோரும் கடைக்கு அனுப்பியே தீருவீர்கள் போல. நான் மாற்றிச் சொல்கிறேன், இருக்கிற சாலிட் பாடியே போதும்.

12 நம்பர் தடிமனில் ஃப்ளாட்வவுண்ட் (தட்டைச் சுருள் சுற்றிய, வழவழப்பான) கம்பி போடுங்கள். கழுத்துப் பக்கப் பிக்கப், வால்யூம் ஏழு, டோன் நாலு. ஆம்பில் ட்ரெபிளைக் குறையுங்கள். கனடாவின் எட் பிக்கர்ட் வாழ்நாளின் பெரும்பகுதி டெலிகாஸ்டர் என்ற வெறும் பலகையை வைத்துத்தான் ஜாஸ் வாசித்தார். அவர் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டால் யாரும் பலகை என்று சொல்ல மாட்டார்கள். தடிமன் விரலில் இருக்கிறது. 45,000 ரூபாயை நல்ல ஆம்பில் போடுங்கள், எட்டு அங்குல ஸ்பீக்கரில் எதை மாட்டினாலும் டப்பாதான்.


ஆறுகம்பி (கோவை)

எல்லோருக்கும் நன்றி.

பழைய ட்யூப் சார், காபிக் கடையில் ஆம்ப் மூன்றுக்கு மேல் போனதே இல்லை. மாஸ்டர் டம்ளர் ஆற்றும் சத்தம் எங்களைவிடப் பெரிசாகக் கேட்கும். ஆம்ப் எனக்குப் பக்கவாட்டில் ஐந்தடி தள்ளி ஒரு ஸ்டூல்மேல் இருக்கும்.

மதுரைக்காரரே, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கம்பியை முதலில் மாற்றிப் பார்க்கிறேன். ஆனால் முதல் பதிவில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் உண்மையில் அதிகம் வாசிப்பது ராத்திரி பதினோரு மணிக்கு மேல், குழந்தை தூங்கிய பிறகு. ஆம்ப் போடுவதில்லை. ஹெட்ஃபோன் மாட்டினால் குழந்தை அழுதால் கேட்காது. சாலிட் பாடியை வெறுமனே மீட்டினால் கொசு பாடுகிற சத்தம். பாதி நேரம் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியாது.


பத்தவைப்பான் (சேலம்)

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியானால் விடை கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆம்ப் இல்லாமல் நிறைவாகக் கேட்பது முழு ஹாலோதான். அக்கூஸ்டிக் அளவுக்கு வராது, ஆனால் பக்கத்து அறையில் குழந்தை தூங்க, கட்டிலில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு அளவெடுத்துத் தைத்த சத்தம். செமி ஹாலோ இதில் பாதிதான். கட்டை ஹவுலிங்கை மட்டுமா அமுக்குகிறது, பலகையின் பேச்சையும் சேர்த்துத்தானே அமுக்குகிறது.

நான் கிட்டார், ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறவன். அந்த முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மலிவாக வாங்கிப் பிறகு பிக்கப் மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கோடு ஹாலோ பாடி வாங்காதீர்கள். சாலிட் பாடியில் நாலு திருகைக் கழற்றினால் வயிறு திறந்துவிடும். இதில் கதவே கிடையாது. வால்யூம், டோன், ஸ்விட்ச், கேபிள் செருகும் ஜாக் எல்லாம் எஃப் துளை வழியாகத்தான் வெளியே வரும், அதே வழியில்தான் உள்ளே போகும்.

நான் செய்வது இப்படி. ஒவ்வொரு பாட் (வால்யூம், டோன் குமிழின் உள்பாகம்) தண்டிலும் ஒரு தையல் நூலைக் கட்டுவேன், நூலின் மறுமுனை அதனதன் ஓட்டை வழியாக வெளியே தொங்கும். எல்லாவற்றையும் எஃப் துளையில் ஒவ்வொன்றாக விழுங்கவைத்து, நூலை இழுத்து இழுத்து இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கண்ணாடி பார்த்துக்கொண்டு முதுகு சொறிவது மாதிரி. ஜாக்குக்கு நூலைவிட மீன் தொட்டிக் காற்றுக்குழாய் மேல். வெளி விட்டம் 6 மில்லிமீட்டர், ஜாக்கின் வாய் கிட்டத்தட்ட ஆறரை. குழாய் நுனியில் ஒரு சுற்று டேப் ஒட்டினால் கச்சிதமாகச் சிக்கும். ஜாக் துளை வழியாகக் குழாயை உள்ளே விட்டு, எஃப் துளையில் எடுத்து, ஜாக்கை மாட்டி இழுத்தால் தானே வந்து நிற்கும்.

முழு வயரிங் மாற்ற எனக்கே அரை நாள் ஆகும், கூலியும் அதற்குத் தக்கபடிதான் கேட்பேன். கடையில் கேட்கும்போதே பிக்கப் சத்தம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிடுங்கள்.


தோடி_பிரியை (திருச்சி)

குறுக்கே ஒரு சந்தேகம். நான் கிட்டாரில் கர்நாடக இசை பழகுகிறேன். எனக்கும் இந்த ரகத்தின்மேல் ஒரு கண். கமகத்துக்குச் சரிப்படுமா?


பழைய_ட்யூப் (சென்னை)

அம்மா, ஜாரு (விரலைச் சறுக்கி வாசிப்பது) சுகமாக வரும், ஃப்ளாட்வவுண்ட் கம்பியில் விரல் உரசும் கிரீச் சத்தமே இருக்காது. கம்பியை இழுத்துப் பிடிக்கும் கமகத்துக்குத்தான் சிரமம். முழு ஹாலோவில் சுரம் சட்டென்று பிறந்து சட்டென்று அடங்கிவிடும். நீங்கள் காந்தாரத்தை ஆட்டி முடிப்பதற்குள் சத்தம் கரைந்திருக்கும். கட்டை உள்ள செமி ஹாலோதான் உங்களுக்கு.

கம்பியையும் பாருங்கள். 12 நம்பர் ஜாஸ் செட்டில் மூன்றாவது கம்பியும் சுருள் சுற்றிய கம்பியாகத்தான் வரும். அதை இழுத்து வளைப்பது ஆகாத காரியம். சரி, மூன்றாவதை மட்டும் மெல்லிய மொட்டைக் கம்பியாக மாற்றலாமே என்றால், முழுக்க மரத்தால் ஆன பிரிட்ஜ் என்றால் அதன் படிகளைச் சுருள் கம்பிக்கென்றே பெரும்பாலும் செதுக்கியிருப்பார்கள். மொட்டைக் கம்பி போட்டால் மேலே போகப் போக ஸ்ருதி ஏறும். ஒவ்வொரு கம்பிக்கும் தனித் திருகு உள்ள உலோகப் பிரிட்ஜாகப் பார்த்து எடுங்கள்.


லிவர்பூல்_ரசிகன் (புதுச்சேரி)

கசீனோவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1964-இல் வாங்கினார், ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் 1966-இல். லெனன் 1968-இல் தன்னுடையதன் வண்ணத்தையெல்லாம் சுரண்டி வெறும் மரமாக்கி, அடுத்த ஆண்டு ஜனவரியில் பீட்டில்ஸின் மொட்டை மாடிக் கச்சேரியில் அதைத்தான் வாசித்தார். முழு ஹாலோ, ஆனால் ஒன்றே முக்கால் அங்குலக் கனம்தான், மடியில் மெலிசாக உட்காரும். பி-90 பிக்கப்பின் கரகரப்புக்கு ஈடு கிடையாது. பழையது எங்கே கண்டாலும் விடாதீர்கள் என்பேன்.


பத்தவைப்பான் (சேலம்)

கசீனோ நல்ல கிட்டார், மறுக்கவில்லை. ஆனால் பி-90 ஒற்றைச் சுருள் பிக்கப். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது அப்படியே வாங்கிக் கொடுக்கும். பக்கத்தில் ஃபேன் ரெகுலேட்டர், பழைய ட்யூப்லைட் சோக், மலிவு எல்இடி சப்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். அதற்காகத்தான் 1950-களின் நடுவில் கிப்சனில் செத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராகக் கோத்து ஹம்பக்கர் செய்தார். காபிக் கடையில் ஃப்ரிட்ஜும் மிக்சியும் ஓடும் என்றால் ஹம்பக்கரே நிம்மதி.

இன்னொன்று, இது எல்லோருக்கும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதென்றால் அது இயல்பு, பயப்படாதீர்கள். கம்பியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதென்றால் அது கிட்டார் கோளாறு இல்லை, அந்த இடத்து எர்த் சரியில்லை என்று சந்தேகப்படுங்கள். அந்தப் பிளக்கில் அதற்கு மேல் ஒரு சுரம்கூட வாசிக்காதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மைக்கில் வாயை வைத்துக்கொண்டு கம்பியைத் தொடுகிற பாடகர்களுக்கு இது உயிர் விஷயம்.


ஆறுகம்பி (கோவை)

ஒரு சந்தேகம். யூட்யூபில் ஒருவர் ‘மலிவு ஹாலோ எல்லாம் ப்ளைவுட், அசல் கிட்டார் என்றால் முழுப் பலகையைக் குடைந்து செய்ய வேண்டும்’ என்கிறார். உண்மையா?


பழைய_ட்யூப் (சென்னை)

உண்மைதான், ஆனால் குறையில்லை. கிப்சன் 1949-இல் ஈஎஸ்-175 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் மேப்பிள் அடுக்குப் பலகைதான், ப்ளைவுட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 175 என்பது அன்றைக்கு அதன் விலை, டாலரில். அதாவது, குடைந்த பலகை வாங்க முடியாதவர்களுக்காகச் செய்த மலிவுச் சரக்கு! ஜாஸ் கிட்டார் மேதைகள் ஜோ பாஸும் பேட் மெத்தனியும் அதை வைத்துத்தான் வாசித்தார்கள். இன்று உலகம் ‘ஜாஸ் கிட்டார் சத்தம்’ என்று சொல்வதில் பாதி அந்த ப்ளைவுட்டின் சத்தம்.

அடுக்குப் பலகை விறைப்பானது, சட்டென்று அதிராது, ஹவுலிங்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நம் ஊர் ஈரத்துக்கும் அதுவே தோது. முழுப் பலகை மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும், கம்பியின் உயரம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

பழையது பார்க்கப் போனால் செல்போன் டார்ச்சை எஃப் துளையில் அடித்து உள்ளே பாருங்கள். மேல்பலகையின் அடியில் நீளமாக இரண்டு மரப்பட்டைகள் ஒட்டியிருக்கும். ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் பசை விட்டிருக்கிறது. பலகையை விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள், எங்கேயாவது சலசலவென்றால் அதே கதை. பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் பலகை குழிந்திருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். குழிந்திருந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். கழுத்து லேசாக வளைந்திருந்தால் அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு பார்த்துக்கொள்ளும். ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகள்) தேய்மானம் விலையைக் குறைக்க உதவும், அவ்வளவுதான்.


ஆறுகம்பி (கோவை)

போன வாரம் அலுவலக வேலையாகச் சென்னை போனேன். ஒரு கடையில் மூன்றையும் மடியில் வைத்துப் பார்க்க விட்டார்கள். இதோ என் அனுபவம்.

ஏஎஸ்73 எடுத்தவுடனே பழகிவிட்டது. மெலிசு, வீட்டில் இருப்பதிலிருந்து பெரிய மாற்றம் தெரியவில்லை. 15-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே கை தாராளமாகப் போகிறது. சுரம் நின்று ஒலிக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ‘அட’ என்றும் தோன்றவில்லை.

ஜி2420 பற்றி டோர்ட்முண்ட் அண்ணன் சொன்னது அப்படியே. கோர்ட் அடித்தபோது கடைப் பையன் திரும்பிப் பார்த்தான். மெல்லிய மெட்டு வாசித்தபோது நான் தேடியது வரவில்லை.

ஏஎஃப்75 முதல் ஐந்து நிமிஷம் எனக்கும் அதற்கும் சண்டை. உடம்பு கனம், வலது முழங்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, தோள் தூக்கிக்கொண்டது. சரி என்று கேபிளைக் கழற்றிவிட்டு வெறுமனே ஒரு மெட்டை மெல்ல வாசித்தேன். முதுகுப்பலகை என் வயிற்றில் அதிர்ந்தது. எட்டு வருஷமாக ஆம்ப் இருக்கும் மூலையிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் என் மடியிலிருந்தே வருகிறது. அங்கேயே தீர்மானித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் புதிது என் பட்ஜெட்டுக்கு மேல் நின்றது, வாங்காமல் வந்துவிட்டேன்.


கட்டையே_போதும் (மதுரை)

கம்பி மாற்றிப் பார்த்தீர்களா, அதைச் சொல்லவே இல்லையே?


ஆறுகம்பி (கோவை)

மாற்றினேன். உண்மையைச் சொல்கிறேன், ஆம்பில் போட்டால் நான் கேட்ட சத்தத்துக்கு முக்கால்வாசி வந்துவிட்டது. ஆம்ப் போட்டு மட்டும் வாசிப்பவனாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். பதினோரு மணிக்கு மேல்தான் உதவவில்லை.


பழைய_ட்யூப் (சென்னை)

நான் இன்னும் ஏஎஸ்73 பக்கம்தான். இன்றைக்குக் காபிக் கடை, நாளைக்கு யாராவது ட்ரம்ஸோடு கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? ஒரு கிட்டார்தான் வாங்கப் போகிறோம் என்றால் எங்கும் போகிறதை வாங்க வேண்டும்.


பத்தவைப்பான் (சேலம்)

ஐயா, வராத ட்ரம்ஸுக்காக இருக்கிற ராத்திரியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களே. ட்ரம்ஸ் வந்தால் அவரிடம் சாலிட் பாடி இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு போகட்டும்.


பழைய_ட்யூப் (சென்னை)

அதுவும் சரிதான். அவரிடம் சாலிட் இருப்பதை மறந்துவிட்டேன். வாபஸ்.


ஆறுகம்பி (கோவை)

வாங்கிவிட்டேன்! ஈரோட்டில் ஒருவர் ஏஎஃப்75 விற்கிறார் என்று நண்பன் சொன்னான். 38,000 கேட்டார், 34,500-க்கு முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், எல்லாம் சார் சொன்னபடி. விற்றவர் வீட்டு அம்மா, ‘என்னங்க, டாக்டர் மாதிரி தட்டிப் பாக்கறீங்க’ என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கம்பிகளை மொத்தமாகக் கழற்றிவிட்டேன். கழற்றியதும் பிரிட்ஜ் தொப்பென்று கையில் வந்துவிட்டது. அது ஒட்டியே இல்லை, கம்பி அழுத்தத்தில்தான் நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கே இருந்தது என்று அடையாளமும் வைக்கவில்லை. இப்போது 12-ஆவது ஃப்ரெட்டில் எதை அழுத்தினாலும் ஸ்ருதி விலகி நிற்கிறது. என்ன செய்ய?


பத்தவைப்பான் (சேலம்)

வாழ்த்துகள். எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்புதான்.

கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டையான நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்துகொள்ளுங்கள். அதே தூரம் அங்கிருந்து பிரிட்ஜுக்கு. மெல்லிய கம்பிப் பக்கம் அந்தக் கணக்குக்கு ஒட்டியே நிற்கட்டும், தடித்த கம்பிப் பக்கம் சில மில்லிமீட்டர் பின்னால் சாயட்டும். இரண்டு ஓரக் கம்பிகளை மட்டும் முதலில் போடுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கையும், அழுத்தி வரும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் பிரிட்ஜ் வால் பக்கம் போக வேண்டும், இறங்கி நின்றால் கழுத்துப் பக்கம். நகர்த்தும்போது கம்பியைத் தளர்த்திவிட்டு நகர்த்துங்கள், இல்லையென்றால் பலகையில் கோடு விழும். ஓரம் இரண்டும் சரியான பிறகு நடுக் கம்பிகளைத் தனித்தனித் திருகில் சரிசெய்யலாம். முடிந்ததும் பிரிட்ஜ் பீடத்தின் இரண்டு பக்கமும் சின்னதாக மாஸ்கிங் டேப் ஒட்டிப் பென்சிலில் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த தடவை ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள், மொத்தமாகக் கழற்ற வேண்டாம்.


ஆறுகம்பி (கோவை)

ஒன்றரை மணி நேரம் ஆனது, ஸ்ருதி சேர்ந்துவிட்டது. 11 நம்பர் ஃப்ளாட்வவுண்ட் போட்டிருக்கிறேன், மூன்றாவது சுருள் கம்பி.

ஆனால் அதோடு நிறுத்தாமல், ஜாக் லேசாக ஆடுகிறதே என்று வெளி நட்டை ஸ்பானரால் முறுக்கினேன். உள்ளே ஜாக் சேர்ந்து சுற்றியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஒரு ஒயர் பிய்ந்துவிட்டது. இப்போது ஆம்பில் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காபிக் கடை. என் முட்டாள்தனம்தான், யாரையும் நோவதற்கில்லை. மீன் தொட்டிக் கடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?


பத்தவைப்பான் (சேலம்)

ஹா ஹா. முறுக்குவதற்கு முன்னால் ஜாக்கின் வாயில் எதையாவது விட்டு இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சரி, நட்டைக் கழற்றும் முன்பே குழாயை ஜாக்குக்குள் செருகிவிடுங்கள், அப்போதுதான் வழி தொலையாது. ஜாக்கை உள்ளே தள்ளி எஃப் துளை வழியாக எடுங்கள். ஒயரை ஈயம் வைத்துப் பத்தவைக்கும் முன் எஃப் துளை ஓரத்திலும் பலகைமேலும் பழைய துணி விரித்துவிடுங்கள், ஒரு சொட்டு ஈயம் விழுந்தால் பாலிஷ் போச்சு. எந்த ஒயர் ஜாக்கின் எந்தக் காதில் (ஒயர் மாட்டும் தகட்டு முனை) இருந்தது என்று போட்டோ எடுங்கள். நுனியைத் தொடும் நீளத் தகடு சிக்னலுக்கு, வெளி வளையத்தோடு சேர்ந்த காது எர்த்துக்கு.


ஆறுகம்பி (கோவை)

முடிந்தது. சனி மதியம் பன்னிரண்டுக்கு உட்கார்ந்தவன் மூன்றரைக்கு எழுந்தேன். குழாய் யோசனைக்குக் கோயில் கட்ட வேண்டும். முதல் தடவை டேப் ஒட்டாமல் இழுத்ததில் குழாய் மட்டும் வந்து ஜாக் உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டாம் தடவை சரியாக வந்து நின்றது.

ஞாயிறு வாசித்தேன். ஆம்ப் மூன்றில், ஒரு ஹவுலிங்கும் இல்லை. கீபோர்டுக்காரர் இடைவேளையில் வந்து கிட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார், ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு அதுவே பெரிய பாராட்டு.

ஒரே ஒரு பிரச்சினை. நாலாவது கம்பியில் எஃப் சுரம் வாசிக்கும்போது மட்டும் உள்ளே ஏதோ டிர்ர்ரென்று அதிர்கிறது.


பத்தவைப்பான் (சேலம்)

ஜாக்கின் உள் வாஷரை மாட்டினீர்களா?


ஆறுகம்பி (கோவை)

மேஜைமேல் தேடினேன், இல்லை. கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து எஃப் துளை தரையைப் பார்க்க ஆட்டினேன். வாஷர் விழுந்தது. கூடவே கம்பி மீட்டும் வில்லை, ஒரு பச்சை நிறப் பிக், விளிம்பு நன்றாகத் தேய்ந்தது. என்னுடையது இல்லை. ஈரோட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ‘ரெண்டு வருஷமா தேடினேங்க, நீங்களே வெச்சுக்கங்க’ என்றார்.